மூடிய வரி

பதினான்கு நாள் இலவசம்.
பதினைந்தாம் நாள் காலை
வங்கிக் கணக்கிலிருந்து
நூற்று முப்பத்தொன்பது பவுண்டு போயிருந்தது.
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கிளைவ் கேட்டார்:
"செத்தவர்களுக்கு நாம் ஏன் வாடகை கட்டுகிறோம், கெய்னர்?"

ஷெஃபீல்டு பேருந்துப் பணிமனையில்
முப்பத்தோராண்டு கணக்கு எழுதியவள் நான்.
டயர், டீசல், உடைந்த கண்ணாடி,
எதற்கும் ரசீது இல்லாமல் காசு தராதவள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள்
ரத்து செய்யும் பொத்தானை
அழுத்த மறந்துபோனேன்.
சரி, கொடுத்த காசுக்கு வசூல் செய்வோம் என்று
இரவுகளில் உட்கார்ந்தேன்.

முதல் வார வசூல்:
ஸ்டானிஃபோர்த் என்ற எங்கள் பெயர்
நான்கு எழுத்துப் பிழைகளோடு.
நிலக்கரி திருடி ஏழு நாள் உள்ளே இருந்த ஓர் ஏபெல்.
கல்யாணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில்
பெருக்கல் குறி போட்டு, அதன்மேலும் மை கொட்டிய ஹானா.
முகம் தெரியாத யாரோ நட்டு வைத்த குடும்ப மரத்தில்
என் அம்மாவின் அப்பா
தன் தாய்க்கு மூன்றாண்டு முன்பே பிறந்திருந்தார்.
கிளைவ் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.
அதற்கே ஐந்து பவுண்டு தரலாம்.

பிறகுதான் அந்தப் பேரேடு.
போர் மூண்ட மாதம்
வீடு வீடாகக் கதவைத் தட்டி எழுதியது.
எண் பதினேழு.
ஹெர்பர்ட், டிராம் நடத்துநர்.
ஆனி, சம்பளமில்லாத வீட்டு வேலை.
அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள்.
அரசாங்கம் கைப்பட ஒப்புக்கொண்ட கடன்;
எந்தப் பக்கம் புரட்டினாலும் வரவு வைத்திருக்கவில்லை.

ஆனிக்குக் கீழே
இரண்டு கறுப்புப் பட்டைகள்.
"இப்பதிவு மூடப்பட்டுள்ளது."
உயிரோடு இருக்கக்கூடியவர்களை
நூறு வயது வரை இப்படிப் போர்த்தி வைப்பார்களாம்.

இரண்டு.

என் அம்மா ஒற்றைப் பிள்ளை.
தங்கச்சி வேண்டும் என்று நான் அழுதபோதெல்லாம்
"நான் ஒன்றுதான், நீயும் ஒன்று போதும்"
என்று முகத்தைத் துடைத்துவிட்டவள்.

பட்டையைத் திறக்கப் பணம் வாங்கமாட்டார்கள்.
இறப்புச் சான்றிதழ் வேண்டும்.
எரிவாயு ரசீதுகளுக்கு நடுவே
அம்மாவுடையது இருந்தது. அனுப்பினேன்.
எட்டாம் நாள் மேல் பட்டை விலகி
ஏழு வயது ஜீன், பள்ளி மாணவி, எட்டிப் பார்த்தாள்.
நான் பிறக்க இன்னும் இருபத்து நான்கு ஆண்டு
இருக்கும்போது அவள் இருந்த இருப்பு.
அந்த இரவு கிளைவ் ஒன்றும் கேட்கவில்லை.

கீழ்ப் பட்டை அப்படியே இருக்கிறது.
தம்பியாக இருக்கலாம். தங்கையாக இருக்கலாம்.
பக்கத்து வீட்டுப் பிள்ளை
அன்றிரவு இங்கே தூங்கிப்போயிருக்கலாம்.
எங்கேனும் செத்துப்போய்
சொல்ல ஆளில்லாமலும் இருக்கலாம்;
அப்போதும் மூடியேதான் இருக்குமாம்.
பெயர் தெரியாமல் யாருடைய சான்றிதழைத் தேடுவது?
தெரிந்தாலும்
தேடியிருப்பேனா, தெரியவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நட்டம்தான்.
பணிமனையில் யாராவது இப்படியொரு கணக்கைக் கொண்டுவந்திருந்தால்
சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.
ஆனாலும் ஆண்டுக்கொரு முறை
அந்த ஒற்றை வரிக்கு
நான் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த அக்டோபரில் நூற்று அறுபத்திரண்டு கேட்டார்கள்.
தொலைபேசியில் வாதாடி இருபது குறைத்தேன்.
"யாரைத் தேடுகிறீர்கள், மேடம்?" என்றான் பையன்,
உதவி செய்கிற குரலில்.
"தேடவில்லை, தம்பி.
ஒருவர் இன்னும் கிடைக்காமல் இருக்கிறாரா
என்று பார்த்துக்கொள்கிறேன்."
அவன் எதையோ தட்டச்சு செய்தான்.

மடிக்கணினியைத் திறந்தேன்.
எண் பதினேழு. ஹெர்பர்ட். ஆனி. ஜீன்.

"மூடித்தானே இருக்கு?"
அடுப்படியிலிருந்து கிளைவ்.

"மூடித்தான் இருக்கு."

"நல்லது" என்று
இன்னொரு கோப்பை எடுத்து வைத்தார்.